கிசோங்காவில் யாரும் பாடுவதில்லை

"எல்லாரும் இறங்கித் தள்றாங்க… நீங்க மட்டும் உள்ள உக்காந்திருக்கீங்க. காருக்கு நீங்கதான் ராணியா, மேடம்?"

கண்ணாடியைத் தட்டிக் கேட்டவனை துசீமே நிமிர்ந்து முறைத்தாள். மழை அவன் தலையில் விழுந்து, நெற்றியில் வழிந்து, இமை நுனியில் ஒரு கணம் தொங்கி… பிறகுதான் கீழே சொட்டியது. ஆம்பளைக்கு எதற்கு இவ்வளவு நீள இமை என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அப்படி நினைத்ததற்காகவே கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

மேற்கு உகாண்டாவின் ஃபோர்ட் போர்ட்டலில் புறப்படும்போதே அந்தக் கார் முனகிக்கொண்டுதான் புறப்பட்டது. ஐந்து பேர் ஏறவேண்டிய வண்டியில் ஒன்பது பேர். யாரோ ஒருவர் மடியில் கோழி வேறு. ஏரிகளுக்குப் போகும் மலைச்சரிவில் சேறு சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கம்பாலாவில் வாங்கிய வெள்ளைச் செருப்போடு அவள் மட்டும் இறங்கவில்லை.

"முன்சீட்டு முழுசும் எனக்குன்னு சொல்லித்தான் டிரைவர் ஏத்தினார்," என்றாள்.

"சீட்டு உங்களுதுதான். யாரு இல்லன்னா? சேறுதான் எல்லாருக்கும் பொது."

வீம்பு… வேறென்ன? கதவைத் திறந்து ராணி மாதிரியே காலை வைத்தாள். செருப்பு ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். அடுத்த நொடி முகம், முழங்கை, புதுப் பாவாடை எல்லாம் டோரோ சீமை மண்ணின் சிவப்பு. டிரைவர் சிரித்தார். கோழிக்காரர் சிரித்தார். கூடையோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து கையை நீட்டினான்.

"உங்க எம்பாக்கோ என்ன?"

டோரோ மண்ணில் பிறந்த எல்லாருக்கும் ஊருக்கென்று ஒரு பெயர், அன்புக்கென்று ஒரு பெயர். அன்புப்பெயர்தான் எம்பாக்கோ; இருக்கும் பன்னிரண்டு செல்லப்பெயர்களில் ஒருவருடையது எது என்று கேட்காமல் இங்கே பேச்சே தொடங்காது. அவளுக்கு அதைச் சூட்டியது அப்பா. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. கம்பாலாவில் அவளை அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை. அவளே மறந்துபோயிருந்தாள்.

"அத்யேரி…"

"நான் அராலி. கால்ல எங்கயாவது பட்டுச்சா, அத்யேரி?"

சேறு பூசிய முகத்தோடு, மழையில் நனைந்தபடி, முன்பின் தெரியாதவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். வலிக்கவில்லை. ஆனாலும் கண் ஏன் கலங்குகிறது?

அவன் அவளுடைய மற்றப் பெயரைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அப்போது அது ஒளிப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

கார் நகர்வதாகத் தெரியவில்லை. இருவரும் போகவேண்டிய கிசோங்காவுக்கு இனி நடைதான் என்றான் அவன். அவளுடைய பையைக் கேட்காமலே தோளில் மாட்டிக்கொண்டான். வழியெல்லாம் வாழைத்தோட்டம், இலைகளில் மழை கொட்டுகிற சத்தம், கீழே, கிண்ணத்தில் ஊற்றிவைத்த மை போல ஒரு ஏரி. துசீமே அதைப் பார்த்து நின்றுவிட்டாள். 'இளநீல நிறத்தில் புன்னகைக்கும் ஏரி' என்று எழுதியிருந்தாளே… இது கறுப்பாக இருக்கிறது. மழை நாளில் இது கறுப்பாக இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் இதற்கு முன் இங்கே வந்ததே இல்லையே.

அவன் இயற்பெயர் ருசோகே. அரை ஏக்கரில் வனிலாக் கொடி போட்டிருந்தான். இரண்டாவது மேட்டில் அவனுடைய சின்னம்மா கடை வைத்திருந்தார். பின்னால் வாடகைக்கு ஓர் அறையும் உண்டு. ஊரே அவரை அபோக்கி என்றுதான் கூப்பிட்டது. ஊறவைத்த பயறைத் தோலுரித்துக்கொண்டிருந்த அபோக்கி சின்னம்மா, வாசலில் நின்ற சேற்றுப் பொம்மையை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயும் அந்தப் புத்தகத்தப் பாத்துட்டு வந்தவளா?"

"எந்தப் புத்தகம்?" என்றாள் துசீமே.

அதுதான் முதல் பொய். வாயிலிருந்து அது தானாக விழுந்தது.

எந்தப் புத்தகம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? 'முத்து நாட்டுக்கு வாருங்கள்' – நாற்பது பக்கம், வழுவழு அட்டை. உகாண்டாவுக்கு வர நினைக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு நாட்டை அறிமுகப்படுத்தும் கையேடு. கம்பாலாவில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து எழுதியது அவள்தான். மற்ற ஊர்களுக்கெல்லாம் போயிருந்தாள். கிசோங்காவுக்கு மட்டும் போக நேரம் கிடைக்கவில்லை. சின்ன வயதில் அப்பா சொன்ன நாலு கதையை எடுத்துக்கொண்டு, நினைவு அறுந்த இடத்திலெல்லாம் தேனைத் தடவி, ஒரே மதியத்தில் முடித்துவிட்டாள்.

'கிசோங்காவில் எந்த வீட்டுக் கதவும் தட்டாமலே திறக்கும். பெண்கள் கூடி நின்று உங்களுக்காக வரவேற்புப் பாட்டுப் பாடுவார்கள். கேட்டால் உங்களுக்கும் ஒரு செல்லப்பெயர் சூட்டுவார்கள். கூச்சப்படாமல் உள்ளே செல்லுங்கள்.'

கடைசி வரியை முதலாளி இரண்டு முறை வாசித்துக் காட்டினார். இரண்டாம் பதிப்புக்கு அந்த வரவேற்பைப் படம் எடுத்து வரச்சொல்லித்தான் இப்போது அவளை அனுப்பியிருந்தார். இல்லாத வரவேற்பு… எப்படிப் படம் எடுப்பது? வழி முழுக்க அவள் யோசித்துக்கொண்டு வந்தது அதைத்தான்.

முகம் கழுவி வந்தவளுக்குச் சின்னம்மா கேழ்வரகுக் களியும் பயற்று மசியலும் வைத்தார். கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்தபடி ருசோகேதான் சொன்னான். கதை மாதிரிச் சொல்லவில்லை. யாரோ கேட்ட கணக்குக்குப் பதில் சொல்வது போல, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஆகஸ்டில் அவன் அம்மா இறந்துபோனார். உடலை வீட்டு நடுவில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டே ஜெபப்பாட்டுப் பாடினார்கள். அப்போது வாசலில் ஒரு வயதான வெளிநாட்டுத் தம்பதி வந்து நின்றார்கள், கையில் அந்தப் புத்தகத்தோடு. தட்டவில்லை. தட்டத் தேவையில்லை என்றுதான் புத்தகத்தில் போட்டிருந்ததே… சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்கள். பாட்டு தங்களுக்கென்று நினைத்து அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையால் தாளம் போட்டார். அந்த அம்மாள் மெல்ல ஆடக்கூடச் செய்தார். பிறகுதான் தரையில் கிடத்தியிருந்த துணி மூடிய உருவம் அவர் கண்ணில் பட்டது.

"அந்தம்மா அங்கயே மண்டி போட்டுட்டாங்க," என்றான் ருசோகே. "எங்கம்மா செத்ததுக்கு நாங்க அழுததவிட, அவங்க வெக்கத்துல அழுதது அதிகம். சின்னம்மாதான் தூக்கிவிட்டு, விருந்தாளிக்குக் குடுக்கற காப்பிக்கொட்டைய வாய்ல போட்டு, முதுகத் தடவி அனுப்பினாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. எழுதின கைதான் தப்பு."

துசீமேயின் கை களி உருண்டையோடு பாதியில் நின்றது.

"அந்தப் புத்தகத்த வெச்சுட்டுப் போய்ட்டாங்க. உள்ள பேரு போட்டிருக்கு. துசீமேன்னு. நம்ம ஊர்ப் பேரு… அதான் தாங்கல. வெளியாள் எழுதியிருந்தா போகட்டும்னு விட்டிருப்பேன்."

சொல்லிவிடு… இப்போதே சொல்லிவிடு. ஆனால் அவன் நிமிர்ந்து பார்த்தான். நீள இமைகளுக்குள் ஈரமான அந்தக் கண்கள், அவளை ஒரு நல்ல பெண் என்று நம்பிப் பார்த்தன.

"களி ஆறிடும். சாப்பிடு அத்யேரி," என்றான்.

அவள் தலையைக் குனிந்து சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயும் கல்லாக இறங்கியது.

மறுநாள் காலையிலேயே ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தாள். மழை விட்டிருந்தது. வெளியே வந்தால், மரங்களில் சுற்றிய கொடிகளுக்கு நடுவே ருசோகே குனிந்து நின்றிருந்தான். விரல் நுனியில் ஒரு முள். வெளிர்மஞ்சள் பூ ஒன்றைக் கன்றுக்குட்டியின் காதைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தான்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"கல்யாணம் பண்ணி வைக்கிறேன்."

"யாருக்கு?"

"இந்தப் பூவுக்குத்தான். உள்ளயே மாப்பிள்ளை, உள்ளயே பொண்ணு. நடுவுல ஒரு சின்னத் திரை. அதத் தூக்கிவிட ஒரு தேனீ வேணுமாம். அந்தத் தேனீ இருக்கிற நாடு எங்கயோ இருக்கு. கொடி மட்டும் கப்பலேறி வந்துடுச்சு, தரகர் வரல. அதான் நான் பாக்கறேன் அந்த வேலைய."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. காது சுட்டது.

"தரகர் வீட்டுக் கல்யாணம் எப்பவுமே கடைசியிலதான்," என்றான் அவன், பூவை விட்டுக் கண்ணை எடுக்காமல். ஆனால் காது மடல் அவனுக்கும் கறுத்துச் சிவந்தது.

மதியத்துக்குள் வாடிவிடும் பூ. ஒரு நாள்தான் ஆயுசு. நானும் செய்கிறேன் என்றாள். அவன் முள்ளைக் கொடுத்தான். முதல் மூன்று பூவை அவள் கிழித்தே விட்டாள். நாலாவதுக்கு அவன் அவள் கட்டைவிரலை மேலிருந்து லேசாக அழுத்தினான்… அவ்வளவுதான். திரை விலகியது. அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று அவள் ஓடவில்லை. அதற்கு அடுத்த நாளும் ஓடவில்லை. காமெராவைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. காலையில் பூ, பகலில் சின்னம்மாவோடு பயறு, மாலையில் ஏரிக்கரை வரை ஒரு நடை. அவளுடைய கம்பாலாப் பேச்சை அவன் கேலி செய்தான். ஊர்ச் சொற்களை அவள் வாயில் போட்டுக் கடித்துத் துப்புகிறாளாம். அவனுடைய தொளதொளக் கால்சட்டையை அவள் கேலி செய்தாள். ஒரு சமயம் கம்பாலாவில் என்ன வேலை என்று கேட்டான்.

"எழுத்து வேலை… ஆபீஸ் கடிதம், அது இது…"

இரண்டாவது பொய். இது விழவில்லை, அவளே எடுத்து வைத்தாள்.

ஒவ்வொரு முறை அவன் 'அத்யேரி' என்று கூப்பிடும்போதும் இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தது அவளுக்குள். ஏதோ ஒன்று மலர்ந்தது. உடனே ஏதோ ஒன்று கூசிச் சுருங்கியது. இவன் அன்பாகப் பார்க்கிற இந்த முகம் யாருடையது? துக்க வீட்டுக்குள் அந்நியரை அனுப்பியவளுடையது. நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தனக்கே கெஞ்சிக்கொண்டாள். சொன்னால் இந்தக் கண்கள் மாறிவிடுமே… இன்னும் ஒரு நாள். ஒரே ஒரு நாள்.

நாலாம் நாள் நண்பகலில் நாலு பேர் வந்தார்கள்.

இளவயதுக்காரர்கள். தோளில் பெரிய பைகள், வெயிலில் சிவந்த மூக்குகள். ஒருத்தி கையில் வழுவழு அட்டை. கடை முற்றத்துக்குள் நேராக வந்து, இதுதான் கிசோங்காவா, பாடுகிறவர்கள் எங்கே என்று ஆங்கிலத்தில் ஆசையாகக் கேட்டாள்.

துசீமே பயற்றுச் சட்டிக்கு முன்னால் உறைந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. சின்னம்மா ஒரு பெருமூச்சு விட்டார். முழங்காலில் கையூன்றி எழுந்தார். இடுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார். அவர்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள். மூன்று பேரும் வரிசையாக நின்று, கையைத் தட்டிக்கொண்டு, தேவாலயத்தில் பாடும் ஏதோ ஒரு ஜெபப்பாட்டைச் சிரித்த முகத்தோடு பாடத் தொடங்கினார்கள்.

வரவேற்புப் பாட்டு என்று ஒன்று இருந்தால்தானே பாடுவதற்கு? வந்தவர்கள் முகம் வாடிவிடக் கூடாது என்று, இல்லாத வழக்கத்தை இவர்களே உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். எத்தனை மாதமாகவோ… வேலையை விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு… அவள் ஒரு மதியத்தில் எழுதிய வரியை இந்தப் பெண்கள் உடம்பால் சுமந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளைக்காரப் பெண் படம் எடுக்கக் கையைத் தூக்கினாள்.

"வேணாம்," என்றாள் துசீமே. எழுந்துவிட்டாள். கையிலிருந்து பயற்றுத் தோல் உதிர்ந்தது. ஆங்கிலத்தில் அவர்களிடம் சொன்னாள்: இங்கே அப்படி ஒரு வழக்கம் இல்லை. இவர்கள் மரியாதைக்காகப் பாடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பது பொய். எழுதியது நான்.

பாட்டு நின்றுவிட்டது. அவள் சின்னம்மா பக்கம் திரும்பினாள். இது ஆங்கிலத்தில் சொன்னதைப்போலச் சுலபமாக இல்லை. தெரிந்த அரைகுறை டோரோப் பேச்சில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"சின்னம்மா… என் பேரு துசீமே. அந்தப் புத்தகத்த எழுதினது நான்தான். அதுக்கு முன்னாடி இந்த ஊர நான் பாத்ததே இல்ல. பாக்காமலே எழுதினேன்."

அப்போதுதான் பார்த்தாள். முற்றத்து ஓரத்தில் ருசோகே நின்றிருந்தான். கையில் கூடை. எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான்? எல்லாவற்றையும் கேட்டிருந்தான் என்று அவன் முகமே சொன்னது.

வந்தவர்கள் நாலு பேரும் தலை குனிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய்விட்டார்கள். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. ருசோகே கிட்டே வந்தான். கத்துவான் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"அத்யேரிங்கிறதாவது நெஜமா?" என்று மட்டும் கேட்டான்.

"அது நெஜம்… எங்கப்பா வெச்சது."

அவன் தலையை ஆட்டினான். கூடையை இறக்கி வைத்துவிட்டு வாழைத்தோட்டத்துக்குள் நடந்து போய்விட்டான்.

துசீமே நின்ற இடத்திலேயே நின்றாள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் போலிருந்தது. சின்னம்மா மறுபடி சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"உக்காரு. பாதிப் பயறு அப்படியே கெடக்கு."

உட்கார்ந்தாள். கண்ணீர் சட்டிக்குள் விழுந்தது.

"நீ எழுதினது பொய்தான்," என்றார் சின்னம்மா, ஒரு பிடி பயறை அவள் பக்கம் தள்ளியபடி. "எங்கக்கா சாவுல நடந்தத நான் மறக்க மாட்டேன். அதுக்காக உன்ன இன்னிக்கே மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாடினது நாங்கதானே? யாரும் எங்க கழுத்துல கத்தி வைக்கலையே. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்களுக்கும் வாய் வரல… தோல முழுசா உரி, பாதிய விடற."

மறுநாள் விடிந்ததும் அவள் புறப்பட்டாள். தோட்டத்து வழியாகத்தான் போகவேண்டும். ருசோகே பூக்களுக்கு நடுவே நின்றிருந்தான். அவள் காலடி கேட்டிருக்கும். தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தை… 'போய்ட்டு வா' என்றாவது சொல்ல மாட்டானா? அவளே கூப்பிடலாமா? எந்த முகத்தோடு கூப்பிடுவது? கூப்பிடாமலே போனாள்.

கம்பாலாவில் முதலாளி முதலில் சிரித்தார். சுற்றுலா எழுத்து என்றால் கொஞ்சம் சர்க்கரை இருக்கத்தான் செய்யும் என்றார். அந்தச் சர்க்கரை ஒரு சாவு வீட்டில் போய் விழுந்தது என்று அவள் சொன்னபோது சிரிப்பு நின்றது. சரி, அந்தப் பக்கத்தையே எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றார். அவளுக்கு அதுவும் ஒப்பவில்லை. எடுத்துவிட்டால் ஒளித்தது போல ஆகிவிடும். அதே இடத்தில் உண்மை வரவேண்டும், அதே பெயரோடு வரவேண்டும். இல்லையென்றால் வேலை வேண்டாம் என்றாள். மனுஷர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, இதை வாசித்துவிட்டு எவன் வருவான் என்று முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். அலமாரியில் மிச்சமிருந்த பிரதிகளிலிருந்து அந்தப் பக்கத்தை பிளேடால் ஒவ்வொன்றாக அவளே அறுத்து எடுத்தாள்.

புதிய பக்கத்தைப் பதினோரு முறை எழுதிக் கிழித்தாள். பன்னிரண்டாவதை எடுத்துக்கொண்டு, மூன்று வாரம் கழித்து, மறுபடி கிசோங்கா போனாள். அந்த ஊர்க்காரர்கள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அதுதான் காரணம்… அது மட்டுமா காரணம்? அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

சின்னம்மாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவன் படிக்கட்டும்," என்று தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

பூக்காலம் முடிந்திருந்தது. கொடிகளில் பச்சைக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ருசோகே மரத்தடியில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். ஆனால் 'வா' என்று சொல்லவில்லை. அவள் தாளை நீட்டினாள். வாங்கி, வாய் அசையாமல் வாசித்தான்.

'கிசோங்காவில் யாரும் உங்களுக்காகப் பாடுவதில்லை. பாட்டுச் சத்தம் கேட்டால் எட்டவே நில்லுங்கள்; அது ஜெபமாக இருக்கலாம், சாவாகவும் இருக்கலாம். காலையில் தோட்டத்தில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர்கள் கையில் இருக்கும் பூ மதியம் வரைகூடத் தாங்காது. மழை நாளில் ஏரி கறுப்பாக இருக்கும். செல்லப்பெயர் கேட்டு வாங்கும் பொருளல்ல. முந்தைய பதிப்பில் நான் எழுதியது பொய். அதை நம்பி வந்தவர்கள் ஒரு துக்க வீட்டுக்குள் நுழைந்தார்கள். அந்த வீட்டில் ஒருவர்கூடத் தவறாக நடக்கவில்லை. தவறு என்னுடையது மட்டும். துசீமே.'

அவன் வாசித்து முடித்தான். மறுபடி ஒருமுறை வாசித்தான். பிறகு தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இதுலயும் ஒரு பொய் இருக்கு," என்றான்.

எந்த வரி? பன்னிரண்டு முறை எழுதியும் எங்கே தவறினாள்?

"ஒருத்தர்கூட தவறா நடக்கலன்னு எழுதியிருக்க."

"ஆமா… நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க…"

"நான் நடந்தேன்."

காற்றில் காய்கள் ஒன்றோடொன்று உரசின. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்துச் சொன்னான்.

"அந்தப் பெரியவர் தாளம் போட்டார்ல… எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கினேன். முடியல. அம்மா தலமாட்டுல உக்காந்துக்கிட்டு… சிரிச்சேன், அத்யேரி. தோளெல்லாம் குலுங்கிச்சு. மொகத்தப் பொத்திக்கிட்டேன். எல்லாரும் நான் அழறேன்னு நெனச்சாங்க. சின்னம்மா என் தலையத் தடவிக் குடுத்தாங்க. அம்மாவப் புதைக்கப் போறப்பகூட அந்தச் சிரிப்பு வயித்துல இருந்துச்சு."

அவன் குரல் உடைந்தது.

"யார்கிட்டயும் சொல்லல. அந்தப் புத்தகத்த எடுத்து வெச்சுக்கிட்டு எழுதினவளத் திட்டிட்டே இருந்தேன். அவ மட்டும் எழுதாம இருந்தா நான் சிரிச்சிருக்க மாட்டேனேன்னு. அப்படித் திட்டிட்டா கொஞ்சம் லேசா இருக்கும்."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. விழுங்கிக்கொண்டாள். ஒன்றுமில்லாததாக இருந்தால் இந்தக் கண்கள் இப்படி நனைந்திருக்காது. அவன் பக்கத்தில், ஒரு கை தள்ளி, மண்ணில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தலை குனிந்திருந்தார்கள். யார் குனிவு யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"அன்னிக்கு முத்தத்துல நீ எல்லாரு முன்னாடியும் சொன்னியே… அப்ப முதல்ல வந்தது கோவம் இல்ல. பொறாமை. இவளால சொல்ல முடியுது, என்னால முடியலயேன்னு. அப்புறந்தான் கோவம். நீ தோட்டத்து வழியா போனப்ப நிமிர்ந்து பாக்க எனக்கு மொகம் இல்ல. நீ நெனச்சிருப்ப, நான் உன்ன வெறுக்கறேன்னு."

"ஆமா… நெனச்சேன்."

"வெறுத்திருந்தா நிமிர்ந்தே பாத்திருப்பேன்."

துசீமே முழங்காலைக் கட்டிக்கொண்டாள். இனி ஒளிக்க எதுவும் மிச்சமில்லை… ஒன்றே ஒன்றைத் தவிர.

"முதல் நாள் களி சாப்பிட்டப்பவே சொல்லியிருப்பேன்," என்றாள். "சொன்னா நீங்க பாக்கற பார்வை மாறிடுமேன்னு பயமா இருந்துச்சு. வந்து நாலு மணி நேரம்கூட ஆகல. அதுக்குள்ள அந்தப் பார்வை எனக்கு வேண்டியதாயிடுச்சு, அராலி. அதுக்காகத்தான் பொய் சொன்னேன். எனக்கு அதுதான் ரொம்ப வெக்கம்."

அவன் இப்போது திரும்பிப் பார்த்தான். முழுதாக, நேராக. பேர் தெரிந்தபிறகு, செய்தது தெரிந்தபிறகு, அவன் அவளைப் பார்க்கிற முதல் பார்வை. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எனக்கு உன்ன ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றான் ருசோகே. "கோவமும் இன்னும் முழுசாப் போகல. ரெண்டும் ஒரே நெஞ்சுக்குள்ள கெடந்து இடிச்சுக்குது. நான் என்ன பண்ண?"

"இருக்கட்டும்… ரெண்டும் இருக்கட்டும்." அவள் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "கோவம் போற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

அவன் முறுக்கிய கயிற்றைப் பிரித்து, மறுபடி முறுக்கி, மறுபடி பிரித்தான். நீள இமைகள் தாழ்ந்து எழுந்தன.

"அப்படின்னா," என்றான் மெதுவாக, "அது சீக்கிரம் போயிடாம நான் பாத்துக்கறேன்."